கடைசிப் பாட்டின் வால்

அத்தியாயம் பதினொன்று

17-11-1988, வியாழக்கிழமை.

முதலில் ஒரு சின்னத் தவறைத் திருத்திவிடுகிறேன். நேற்றைய பக்கத்தில், ‘மூன்று நாளில் முப்பத்தொரு கேசட் பதிவு செய்தேன்’ என்று எழுதியிருக்கிறேன். அது முப்பத்திரண்டு. அண்ணனுக்குக் கொடுத்ததைச் சேர்க்க மறந்துவிட்டேன். தவறு நேர்ந்தால் பழைய பக்கத்தில் அடித்து எழுதக் கூடாது, அடுத்த பக்கத்தில் ஒப்புக்கொண்டு எழுத வேண்டும் என்பது மாலை டைப்ரைட்டிங் வகுப்பு டீச்சர் போட்ட சட்டம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த ஒரு கேசட்டால்தான் இன்று இவ்வளவும் நடந்தது. வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அதை வைத்து ‘தி ஹேர்பின்ஸ்’ என்று பெயர் சூட்டிக்கொண்ட சேலத்துக்காரர் ஐந்து பேர், எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸுமாகப் பன்னிரண்டு வருடமாகத் தமிழில் ராக் பாட்டுப் பாடுகிறார்கள். எங்கள் மலையில் ஜீப் ஓட்டுகிறவர், லாட்ஜில் பாய் விரிக்கிறவர், காப்பிப் பழம் பறிக்கிறவர் எல்லாருக்கும் அவர்கள் பாட்டு மனப்பாடம்.

நாகலூர் எஸ்டேட்டில் அண்ணன் காளியண்ணன் கணக்கு எழுதும் அசிஸ்டென்ட் ரைட்டர். போர்டிங் ஸ்கூலில் ஏலம் விட்ட பழைய பேஸ் கிடாரை வாங்கி ஆறு வருடமாக வாசிக்கிறான். போன மாசி மாதம் ஹேர்பின்ஸ் பாடகர் தங்கராஜ் எங்கள் வீட்டுக்கே வந்து, காப்பி காயவைக்கும் களத்தில் உட்கார்ந்து அண்ணன் வாசிப்பதைக் கேட்டார். கையோடு கொண்டுவந்த டேப் ரெக்கார்டரில் பிடித்துக்கொண்டும் போனார். போகும்போது, “பேஸ் வாசிக்கிறவன் மஸ்கட் போறான். அந்த எடம் ஒனக்குத்தான். முடிவு என்னன்னு அடுத்த ஆல்பத்துல ஒனக்குச் சேதி வரும், கேளு” என்றார்.

ஒன்பது மாதம் காத்திருந்தான். ‘இருபதாவது வளைவு’ என்ற அந்த ஆல்பம் திங்கட்கிழமை வந்தது. முதல் காப்பியை அவனுக்குத்தான் கொடுத்தேன். திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, நேற்று சாயங்காலம் “சேதி கெடச்சுருச்சு தனம்” என்றான். முதல் பாட்டு ‘ஏறி வா’ என்றுதான் ஆரம்பிக்கிறது. அது தனக்குத்தான் என்றான். இன்று காலை வேலையை விடும் கடிதத்தைக் கொடுத்துவிடுவதாகவும், அம்மாவுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னான்.

நான் சரி என்றேன். அதையும் எழுத வேண்டும். யோசிக்காமல் சரி என்றேன்.

*

நான் பகலில் வேலை பார்ப்பது ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், அற்புதம் அக்காவின் ரெக்கார்டிங் சென்டரில். வெற்று கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் கேட்ட பாட்டைப் பதிவு செய்து தருவோம்.

மதியம் இரண்டு பத்துக்குச் சேலம் பஸ் வந்தது. கண்டக்டர் பெரியசாமி அண்ணன் ஒரு காகிதக் கட்டோடு கடைக்குள் வந்தார். திங்கட்கிழமை வந்த மாஸ்டர் கேசட்டுக்கு, அதாவது நாங்கள் பிரதி எடுக்கும் மூல கேசட்டுக்கு, அட்டை இல்லை. பழைய செய்தித்தாளில் சுற்றித்தான் அனுப்பியிருந்தார்கள். அட்டை அச்சாகி இன்றைக்குத்தான் வந்திருக்கிறது.

“அக்கோவ், என்னுங்க இது?” என்றார் பெரியசாமி அண்ணன். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே வருகிறவர். “வழியெல்லாம் படிச்சுப் படிச்சுப் பாத்தனுங்க. பதினாலாவது வளைவுல டிக்கெட் கிழிக்கவே கை வல்லீங்க.”

அற்புதம் அக்கா அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்தது. ‘இது எங்கள் கடைசி ஆல்பம். பன்னிரண்டு வருடம் கேட்டதற்கு நன்றி. கடைசிப் பாட்டை முழுவதும் கேளுங்கள்.’

அரை மணி நேரத்தில் கடை நிறைந்துவிட்டது. யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஏரிக்கரையில் மக்காச்சோளம் சுட்டு விற்கும் மருதாயி அக்கா, விசிறியைக்கூடக் கீழே வைக்காமல் வந்துவிட்டார். அவர் கடையில் பன்னிரண்டு வருடமாக வேறு பாட்டு ஓடியதில்லை.

“அச்சடிச்சவன் தப்பா அடிச்சுருப்பான்” என்றார் மருதாயி அக்கா.

“முந்நூறு அட்டையிலுமா அக்கா தப்பா அடிப்பான்?” என்றார் லாட்ஜ் முருகேசன்.

“நீ வாய மூடு. இருபதாவது வளைவுன்னா மேல வந்து சேந்தாச்சுன்னு அர்த்தம். வந்து சேந்தவன் எதுக்குடா போறேங்கறான்?”

“இருபதுக்கு அப்பறம் வளைவு இல்லீல்ல. அதான்.”

மருதாயி அக்கா விசிறியால் முருகேசன் முதுகில் ஒன்று வைத்தார். யாரும் சிரிக்கவில்லை.

“கேசட்ட நானுந்தான் அம்பது தடவ கேட்டேன்” என்றார் மருதாயி அக்கா. “கடைசிப் பாட்டுல ஒண்ணுமே இல்லியே. கிடாரு அப்படியே கொறஞ்சு கொறஞ்சு நின்னு போவுது.”

கொறஞ்சு கொறஞ்சு.

அந்த இடம் எனக்குத் தெரியும். அதைக் குறைத்தது ஹேர்பின்ஸ் இல்லை. நான்.

எங்கள் ஊரில் எல்லாரும் கொண்டுவருவது அறுபது நிமிட கேசட். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். சில ஆல்பம் அதைவிட நீளமாக இருக்கும். பாட்டு பாதியில் பட்டென்று அறுந்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அதனால் இருபத்தொன்பதரை நிமிடத்தில் சத்தக் குமிழை மெல்லத் திருப்பி, பாட்டு தானாகத் தேய்ந்து முடிவதுபோல் செய்துவிட வேண்டும். இதற்கு ‘வாலைக் குறைப்பது’ என்று பெயர். எந்தப் பாட்டுக்கும் கடைசியில் வெறும் வாத்தியம்தான் இருக்கும், வாலைக் கேட்க எவனும் வருவதில்லை என்பார் அற்புதம் அக்கா. கைக்கடிகாரத்தைப் பார்த்து, பூ உதிர்வதுபோல் குறைப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பதிவு ஓடும்போது நான் பாட்டைக் கேட்பதும் இல்லை. சத்தத்தை அடைத்துவிட்டு, அட்டையில் வரைந்த டைப்ரைட்டர் கட்டங்களில் விரல் பழகிக்கொண்டிருப்பேன். ஒரே நேரத்தில் பதியும் மூன்று டேப் டெக், பதினோரு சுற்று, கடைசிச் சுற்றில் இரண்டு கேசட். பதினோரு முறையும் அதே இடத்தில் குறைத்தேன். மாஸ்டரை ஒருமுறைகூடக் கடைசிவரை ஓட விட்டதில்லை.

“அக்கா, நான் வாலைக் குறைச்சுட்டேன்” என்றேன்.

அற்புதம் அக்கா மாஸ்டரை எடுத்து வாசல் ஸ்பீக்கரில் போட்டார். முன்னால் ஓட்டி ஓட்டி அந்த இடத்துக்கு வந்தார். நான் குறைத்த கிடார் இப்போது குறையாமல் ஓடி, ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பிறகு பாட்டு இல்லை. தங்கராஜ் பேசினார்.

“கேக்கறவங்க எல்லாத்துக்கும் வணக்கமுங்க. இதோட நாங்க நிறுத்திக்கறமுங்க. டிரம்ஸ் அடிக்கிற நம்ம ஆளுக்குக் காது போயிருச்சு. அவன் அடிக்கிறது அவனுக்கே கேக்கறதில்ல. அவன் எடத்துல இன்னொருத்தர உக்கார வெக்க எங்க நாலு பேருக்கும் மனசு வல்லீங்க. ஏரிக்கரையில எங்க பாட்டப் போட்டே சோளம் வித்த அக்காவுக்கும் நொம்ப நன்றிங்க...”

மருதாயி அக்கா விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டார். பெரியசாமி அண்ணன் விசிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார். வெளியில் பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். பெரியசாமி அண்ணன் திரும்பியே பார்க்கவில்லை.

“...நாகலூர் காளியண்ணா, ஒனக்குக் குடுத்த வாக்க என்னால காப்பாத்த முடியல சாமி. சேக்கறதுக்கு குரூப்பே இல்ல. எஸ்டேட் வேலைய மட்டும் விட்றாத.”

நான் ஸ்டாப் பட்டனை அழுத்திவிட்டேன். ஏன் அழுத்தினேன் என்று தெரியவில்லை. அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

கடையில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

“காளியண்ணன்னா ஒங்கண்ணன்தான கண்ணு?” என்றார் மருதாயி அக்கா. கோபம் இல்லாமல் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

*

மூன்று மணிக்கு எஸ்டேட் ஆபீஸுக்கு போன் செய்து பார்த்தோம். யாரும் எடுக்கவில்லை. மேனேஜர் சேலம் போயிருக்கிறார், நாளைக் காலையில்தான் வருவார் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

“வாலக் கொறைக்கச் சொல்லிக் குடுத்தது நாந்தான்” என்றார் அற்புதம் அக்கா. மாஸ்டரையும், பேட்டரி போட்ட சின்ன பிளேயரையும் என் பையில் வைத்தார். “இத எடுத்துட்டுப் போ. மொதல்ல அவனக் கேக்க வெய்யி. முப்பத்தொரு பேருக்கு நா பதில் சொல்லிக்கறேன்.”

ஐந்தே காலுக்கு நாகலூர் பஸ். மாலை வகுப்புக்குப் போகவில்லை. சேர்ந்த நாளிலிருந்து இதுதான் முதல் முறை.

பஸ்ஸில் ஒரே யோசனை. அந்தக் கடிதம் எங்கே இருக்கும்? எஸ்டேட்டில் ஒரு தபால் பை உண்டு. தோல் பை. மேலே ஒரு வாய். கடிதத்தை உள்ளே போடலாம், எடுக்க முடியாது. பூட்டின் சாவி மேனேஜரிடம் மட்டும்தான். தினமும் காலை ஆறரைக்கு மஸ்டரில் ஆட்களை எண்ணி வேலை பிரித்த பிறகு, எல்லார் முன்னாலும் அவர் அதைத் திறப்பார். இன்று அவர் ஊரில் இல்லாததால், அடுத்து நாளைக் காலையில்தான் திறப்பார். மேனேஜரின் அக்கா மகன் இரண்டு வருடமாக இந்த வேலைக்காகக் காத்திருக்கிறான். அண்ணனின் கடிதத்தைப் பார்த்தால் அவர் வருத்தப்படப் போவதில்லை.

எங்கள் வீடு ரைட்டருக்கு எஸ்டேட் கொடுக்கும் வீடு. அப்பா இருந்தவரை அவர் வேலைக்காகக் கொடுத்தது. அவர் போன பிறகு அண்ணன் வேலைக்காக. வேலை போனால் வீடும் போகும். நேற்று சரி என்று சொன்னபோது இது எனக்குத் தெரியாததில்லை.

*

ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். மூடுபனி எனக்கு முன்னால் உள்ளே வந்திருந்தது. அம்மா அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து பேஸ் கிடாரின் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆணியில் எப்போதும் தொங்கும் அவனுடைய எஸ்டேட் ரெயின்கோட்டைக் காணவில்லை.

“கோட்டு எங்கண்ணா?”

“பழம் பறிக்கிற கங்காணிகிட்டக் குடுத்துட்டேன். சேலத்துல எதுக்கு ரெயின்கோட்டு?” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சிரித்தான். “கிளாசுக்குப் போவலியா?”

“லெட்டரு?”

“காலைலயே பைக்குள்ள போட்டுட்டேன்.”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்ன லெட்டரு?”

நான் பிளேயரைக் கட்டிலில் வைத்தேன். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் நான்கு வாக்கியம் தயார் செய்திருந்தேன். நான்கும் மறந்துவிட்டன.

“ஒனக்கு வந்த சேதி முதல் பாட்டுல இல்லண்ணா. கடைசிப் பாட்டுக்கு அப்பறம் இருக்கு. நாந்தான் வாலக் கொறச்சுட்டேன்.”

அவனுக்குப் புரியவில்லை. டேப்பைப் பின்னால் ஓட்டிப் பட்டனை அழுத்தினேன்.

தங்கராஜ் பேசினார். அண்ணன் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கையில் பிடித்தபடியே இருந்தான். ‘நிறுத்திக்கறமுங்க’ என்றபோது அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ‘நாகலூர் காளியண்ணா’ என்று பெயர் வந்ததும், யாரோ வாசலில் நின்று கூப்பிட்டதுபோல் எழுந்து நின்றான். ‘வேலைய மட்டும் விட்றாத’ என்றதும் அப்படியே திரும்ப உட்கார்ந்தான்.

நான் ஸ்டாப் பட்டனுக்குக் கையை நீட்டினேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“இரு. முடியட்டும்.”

“இப்பக் கேப்ப பாரு,” என்றது தங்கராஜின் குரல். “இது யாருன்னு ஒனக்கே தெரியும்.”

பிறகு பேஸ் கிடார் மட்டும். தனியாக. நான்கு சுரம் கீழே இறங்கி, தயங்கி, ஒன்று மேலே ஏறியது. பின்னால் காற்று இரைச்சல். ஸ்டூடியோவில் பிடித்தது மாதிரி இல்லை. ஒரு கோழி கத்தியது. அதற்கப்புறம் தூரத்தில், தெளிவாக, ஒரு பெண் குரல்:

“ஏனுங் தம்பி, பாட்டுப் படிக்கறதெல்லாம் இருக்கட்டும், காப்பிக்கொட்டைய மிதிக்காதீங்க!”

அடுப்படியில் அரிவாள்மனை சாய்ந்து விழுந்தது.

“அய்யோ, அது எங்கொரலு!” அம்மா ஓடிவந்தாள். “அடேய், அதுக்குள்ள நா எப்படிடா போனேன்?”

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் பிளேயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நா வாசிச்சது தனம்” என்றான். “மாசியில. களத்துல. அப்படியே போட்டுருக்காரு.”

ஹேர்பின்ஸின் கடைசி ஆல்பத்தில் கடைசியாக ஒலிப்பது என் அண்ணன். அதைத்தான் பதினோரு முறை வெட்டியிருக்கிறேன்.

டேப் ஓடி முடிந்து பட்டன் தானாக மேலே வந்தது.

“மொத்தம் எத்தன கேசட் பதிஞ்ச?” என்று கேட்டான்.

“முப்பத்திரண்டு.”

“என்னுதும் சேத்தா?”

“சேத்துத்தான்.”

தலையை ஆட்டினான். திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

அம்மா முகத்தில் இப்போது அந்த ஆச்சரியம் இல்லை. ஆணியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். “வேலைய விட்றாதன்னு எதுக்குச் சொன்னாரு அந்தத் தம்பி? என்ன லெட்டரு சாமி அது?”

நான்தான் சொன்னேன். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

“இந்த ஊடு?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

“காலைல மேனேஜர்கிட்டக் கேட்டு வாங்கிரலாம்ணா” என்றேன். “அவரு பையத் தொறக்கறதுக்கு முன்னால.”

“நா கேக்கமாட்டேன்.”

“ஏன்?”

“ஆறு வருசமா இந்த வேலைய எப்ப விடுவேன்னு இருந்தவன் நான். அதத்தான் லெட்டர்ல எழுதுனேன். ஒரு வரி விடாம எழுதுனேன். அவரு மருமவனப் பத்தியும் எழுதுனேன்.” கிடாரைச் சுவரில் சாய்த்தான். “இப்பப் போய் அதத் திருப்பிக் குடுங்கன்னு எந்த வாயால கேப்பேன்?”

மருமகனைப் பற்றி என்ன எழுதினான் என்று கேட்டேன். அவன் டேப்பைப் பின்னால் ஓட்டி, அந்த இரண்டு நிமிடத்தை மறுபடி போட்டான். இந்த முறை தங்கராஜ் பேசி முடிக்கும்வரை தலை குனிந்திருந்தவன், பேஸ் வந்ததும் நிமிர்ந்தான். அவன் விரல்கள் முழங்காலின்மேல் அசைந்தன. அம்மா தன் குரல் வரும் இடத்தில் காதைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது மணி ஏழரை. நான் செய்ய நினைப்பது சரியா என்று எனக்கு நிச்சயமில்லை. அவன் கேட்கமாட்டேன் என்றதை நான் போய்க் கேட்பது அவனை அவமானப்படுத்துவதாகவும் ஆகலாம். ஆனால் அந்தக் கடிதம் அரைகுறைச் சேதியைக் கேட்டு எழுதியது. அரைகுறையாக்கியது நான்.

நாளை செய்ய வேண்டியது: ஆறு மணிக்கு எழுந்திருந்தால் போதாது, ஆறு மணிக்கு ஆபீஸ் வாசலில் இருக்க வேண்டும். பிளேயரை எடுத்துப்போக வேண்டும். புது பேட்டரி நாலு, அலமாரியில் இருக்கிறது. மேனேஜர் பையில் கை வைப்பதற்கு முன் கேசட்டைப் போட வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது.